மலையிலிருந்து இறங்கிய மீன்கள்

என் கணவருக்கு மலைக்காய்ச்சல் மறுபடியும் திரும்பியபோது, சேந்தமங்கலத்து வைத்தியர் என் அண்ணனிடம் ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பினார்: "மழை பிடிக்கறதுக்குள்ள அவரைக் கீழே எறக்கிருங்க." அதற்கு மேலும் ஏதோ சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை என்னிடம் சொல்லவில்லை. மலையேறி வந்தவன் வாசலிலேயே நின்று, வேட்டியில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் சொந்த ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. அங்கே எல்லாரும் நிலம் வைத்துப் பாடுபடுகிறவர்கள். கொல்லிமலைக்கு ஏறினாலும் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். ஓர் இரவு தங்கினாலே காய்ச்சல் பிடிக்கும் என்று பயம். அந்தப் பயம் இல்லாதவராக இருந்தார் என் கணவர். மலைமேல் குண்டூர் நாட்டில் காப்பியும் மிளகும் வைத்து ஒரு தோட்டம் போட்டார். புல்வேய்ந்த வீடு கட்டினார். என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே கூட்டிப்போனார். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கிடைத்தவரை எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சண்டை முற்றி, ஜப்பான்காரன் கிழக்கே கொய்னா விளையும் நாடுகளையெல்லாம் பிடித்த பிறகு, சேலத்திலேயே கொய்னா இல்லை என்றார்கள். அந்த வருஷம்தான் அவர் படுத்தார்.

மழைக்கு முன்னால் என்றால் உடனே என்று அர்த்தம். நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். கட்டிலில் கிடந்தவர் தலையைத் திருப்பி, "மீனை என்ன பண்றது?" என்றார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது என் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நாலு பக்கமும் தடித்த கண்ணாடி, இரும்புச் சட்டம், அடியில் ஒரே கல் பலகை. ஓர் ஆள் காலை மடக்கிக்கொண்டால் அதற்குள் படுக்கலாம். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. ஓடையிலிருந்து கொண்டுவந்த மணலும் கற்களும் பாசியும் போட்டு, கெண்டையும் அயிரையும் விட்டு, தண்ணீர் தெளிந்து, அது பாட்டுக்கு ஓர் ஓடைபோல நடந்துகொண்டிருந்தது. அவர் வாரத்துக்கு ஒருமுறை நாலு செம்புத் தண்ணீர் எடுத்து நாலு செம்பு ஊற்றுவார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார். நல்லது கெட்டது பேசுவதும் அங்கேதான்.

மலைக்காரர்களுக்கு அது பிடிக்காது. அங்கே ஈசுவரன் கோயிலோரத்து ஆற்று மீனை யாரும் தொடமாட்டார்கள். சோறு போட்டுக் கும்பிடுவார்கள். எங்கள் மீன் அந்த ஆற்று மீன் இல்லை, தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை மீன் என்று என் கணவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஆனாலும் கூடத்துக்குள் வரும்போது தொட்டிப் பக்கம் பார்க்காமல் போவார்கள்.

"மச்சான், மனுசன் எறங்கறதே பெரும்பாடு. அந்த மீனை ஓடையில உட்டுட்டு, தொட்டியை இங்கயே வெச்சிட்டு வாங்க" என்றான் அண்ணன்.

"ஓடையில தண்ணி எங்க இருக்குது? பார்த்தீங்களா?" என்றார் அவர்.

அது நிஜம். அந்தக் கோடையைப் போல ஒரு கோடையை நான் மலையில் பார்த்ததில்லை. ஓடை, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. மீன் விட்டால் மறுநாளே கொக்கு கொத்திவிடும். எதிர்ச்சரிவில் காட்டில் தீ பிடித்து, பகலெல்லாம் புகையும் இருட்டினால் சிவந்த கோடுமாகத் தெரிந்தது. பக்கத்து ஊரில் அம்மனுக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். திருவிழா மேளம் இல்லை. காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டால் அடிக்கும் மேளம். காற்று திரும்பினால் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே அடிப்பதுபோல் கேட்கும்.

"மீன் வராம நான் வரமாட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர் இல்லை. ஆனால் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இந்த மனுஷரிடமிருந்து இன்னும் ஒன்றைப் பிடுங்கிவிட்டுக் கீழே கொண்டுபோனால் அங்கே எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது. "அண்ணா, மீனும் வரட்டும்" என்றேன்.

"உனக்கும் காய்ச்சல் தலைக்கேறிருச்சா, அம்மிணி?" என்று கேட்டுவிட்டு அவன் ஆள் பார்க்கப் போனான்.

அவருக்கு வந்தது முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப்போடும், பிறகு உடம்பு தீயாய்க் காயும், வேர்த்து அடங்கும். இடைப்பட்ட நாளில் தெளிவாகப் பேசுவார். அந்த நாட்களில் கட்டிலிலிருந்தே எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். புறப்படுவதற்கு முன்னால் மீனுக்குத் தீனி போடக்கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் பானைத் தண்ணீர் கெடாது. பித்தளை அண்டா வேண்டாம், களிம்பு ஊறினால் செத்துப்போகும். ஏற்கெனவே தண்ணீர் பிடித்துப் பழகிய மண்பானைதான் வேண்டும். பாதிப் பானைக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் ஊற்றினால் போதும். நடையில் தண்ணீர் ஆட வேண்டும், ஆடினால்தான் அதற்குள் காற்று சேரும். மணலைக் கழுவவே கூடாது, ஈரத்தோடு சாக்கில் கட்டு. தொட்டித் தண்ணீர் முடிந்த மட்டும் கூடவே வரவேண்டும்.

"பழைய தண்ணிதான் அதுகளுக்கு ஊடு. ஊட்டைக் கொண்டுபோனாப் போதும், கண்ணாடியை எங்க வெச்சாலும் பொழச்சுக்கும்" என்றார்.

அண்ணன் ஆள் பிடித்து வந்தான். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த மலைக்காரச் சகோதரர்கள் இருவர்தான் முன்னின்றார்கள். மூத்தவர் அதிகம் பேசாதவர். இளையவருக்குத் தேக்கு மாதிரி தோள். என் கணவரை டோலியில் தூக்க அவர்தான் முன்னால் நிற்பதாகச் சொன்னார். மற்றவர்கள் மீன் என்றதும் தயங்கினார்கள். மூத்தவர் எல்லாருக்குமாகச் சொன்னார்: "தூக்கறோமுங்க. ஆனா மலை மீனு கீழே தங்காதுங்க."

புறப்படுவதற்கு முந்தின நாள், அவருக்குக் காய்ச்சல் வேர்த்து அடங்கிய பிறகு, தொட்டியைக் காலி செய்தோம். நான் செம்பு செம்பாக மொண்டு பானைகளில் ஊற்றினேன். தண்ணீர் குறையக் குறைய மீன்கள் ஒரு மூலையில் கூடின. கூடைபோல நெருக்கிப் பின்னிய சின்ன வலையால் ஒவ்வொன்றாக அள்ளினேன். நான் நினைத்திருந்ததைவிட மீன் குறைவாக இருந்தது. "இன்னும் இருக்கோணும், கல்லுக்கடியில பாரு" என்றார் அவர்.

பெரிய கல்லை மூத்தவர் தூக்கினார். அடியிலிருந்து கறுப்பாய் ஒன்று புரண்டு எழுந்தது. "பாம்பு!" என்று இளையவர் பின்னால் குதித்தார். என் கையிலிருந்து செம்பு விழுந்து உருண்டது. அது பாம்பு இல்லை, விலாங்கு. என் முழங்கையைவிடத் தடிமனாக இருந்தது, நீளம் சொல்ல முடியாது. அந்தச் சேற்றுத் தண்ணீரில் மெதுவாகச் சுருண்டு, தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டது.

என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எப்போதோ விரல் நீளத்தில் ஒரு குட்டியை விட்டிருந்தாராம். மறுநாளே காணோம், செத்துப்போனதென்று மறந்துவிட்டார். இத்தனை வருஷமும் நாங்கள் உட்கார்ந்து பேசிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கல்லுக்கடியில் கிடந்து மீனைத் தின்று வளர்ந்திருக்கிறது.

அண்ணன் அரிவாளை எடுத்தான். மூத்தவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. அதை நம்ம ஓடையிலயே உட்டர்றனுங்க. அது கீழே வந்தா நாங்க வரலீங்க."

என் கணவர் சரி என்றார். ஈரச்சாக்கில் சுற்றி மூத்தவர் எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். இருந்ததிலேயே ஆழமான இடமாகப் பார்த்து விட்டார். விட்டதும் நழுவி ஓடிவிடும் என்று நினைத்தேன். அது ஓடவில்லை. முதுகு வெளியே தெரிய, அந்தக் கொஞ்சத் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காய்ச்சல் முறை இல்லாத நாள். விடியும்போதே கிளம்பினோம். முன்னால் டோலி. அதன் பின்னால் வெறும் தொட்டி, வைக்கோலும் கம்பளியும் சுற்றி, இரண்டு மூங்கிலுக்கு நடுவில் கட்டித் தூக்கினார்கள். அதற்கும் பின்னால் இரு பக்கமும் பானை தொங்கும் காவடிகள். சிலவற்றில் மீன் பானை, சிலவற்றில் பழைய தண்ணீர். எல்லாப் பானைக்கும் வாயில் ஈரத்துணியால் வேடு கட்டியிருந்தேன். எதிரே விறகோடு வந்த பெண்கள் டோலியையும் அந்த நீளமான மூட்டையையும் பார்த்துவிட்டு, பாதையை விட்டு இறங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டில் எதைப் பிணம் என்று நினைத்தார்களோ தெரியாது. அண்ணன் அவர்களை அதட்டினான். நான் பானைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். டோலிக்குள்ளிருந்து பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

முறை தப்பிக் காய்ச்சல் வந்துவிட்டது. இருந்த துணியையெல்லாம் போர்த்தினோம். குளிர் நின்றதும் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. முன்பு வந்த எந்தக் காய்ச்சலும் இப்படி இல்லை. கண் செருகிக்கொண்டது. யாரையோ பேர் சொல்லி, கதவைத் திற, கதவைத் திற என்றார். நான் கொண்டுவந்த குடிதண்ணீர் துணி நனைத்தே தீர்ந்துபோயிற்று.

"கீழே பாதை திரும்பற எடத்துல ஊத்து இருக்குதுங்க, எப்பவும் வத்தாது" என்று இளையவர் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஈரமண்தான் இருந்தது. அதையே டோலியில் கிடந்தவரின் நெற்றியில் அப்பினார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தீ எரிந்த வாசனை காற்றில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால் செங்குத்தான பாதை, கால் வழுக்கினால் டோலியோடு பள்ளத்தில். பழைய தண்ணீர்ப் பானைகளை அவிழ்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தலையிலும் மார்பிலும் ஊற்றினோம். ஊற்றின சுருக்கில் துணி காய்ந்தது. பழைய தண்ணீர் எல்லாம் தீர்ந்தது. அவருக்கு இழுப்பு மாதிரி கை முறுக்கியது.

அண்ணன் மீன் பானைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள்.

நானே போய் ஒரு பானையின் வாய்த்துணியை அவிழ்த்தேன். உள்ளே இருந்த கெண்டைகளைக் கையால் பிடித்துப் பக்கத்துப் பானையில் விட்டேன். ஒன்று நழுவிச் சருகில் விழுந்து துள்ளியது, மூத்தவர் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பானையை என் கணவர் தலையில் மெதுவாக ஊற்றினேன். பிறகு இன்னொன்று. மீன்களெல்லாம் மிஞ்சிய பானைகளில் நெருக்கியடித்துக்கொண்டு, வாயை மேலே வைத்து மூச்சுக்குத் திணறின.

இரண்டாவது பானை பாதி ஊற்றியபோது அவர் நாக்கால் உதட்டை நக்கினார். கண்ணைத் திறக்காமலேயே, "ஏ புள்ள… இது தொட்டித் தண்ணியல்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"மீனு?"

"இருக்குதுங்க."

கை முறுக்கல் விட்டது. கொஞ்ச நேரத்தில் வேர்க்க ஆரம்பித்தது. நாங்கள் அடிவாரம் சேர்ந்து மாட்டு வண்டியில் ஏறியபோது பொழுது இறங்கியிருந்தது.

என் அப்பா வீட்டுத் தாழ்வாரத்தில், அவருக்குக் கட்டில் போட்ட ஓரத்தில், தொட்டியை இறக்கினோம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே ஊற்றத்தான் ஒன்றுமில்லை. வீடு என்று அவர் சொன்ன தண்ணீரையெல்லாம் மலைப்பாதை குடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பே வேகாது. கழுவாத மணலைப் பரப்பி, பானைகளில் மிஞ்சியதை அடியில் ஊற்றி, கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பொழுதுக்கு ஒரு செம்பாக விட்டேன்.

தினமும் விடிந்ததும் முதலில் தொட்டியைப் பார்ப்பேன். வெள்ளை வயிறு தெரிய ஒன்றோ இரண்டோ மிதக்கும். அவர் கண் விழிப்பதற்குள் எடுத்துப் புதைத்துவிட்டு வந்து, மூச்சு இருக்கிறதா என்று அவர் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் நாளில் மீன் அதிகம் செத்ததாகவே எனக்குத் தோன்றும். அது நிஜமா, என் பயமா, இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. மீன் குறைவது அவருக்கும் தெரிந்தது. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மழை பிடித்தது. அண்ணன் யாரும் சொல்லாமலே முற்றத்தில் பானை பானையாக வைத்து மழைத்தண்ணீர் பிடித்தான். அதை ஊற்ற ஊற்ற மீன் சாவது நின்றது. பாசி துளிர்த்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள்தான் மிஞ்சின. அவரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். காய்ச்சல் முறை மட்டும் விடவில்லை. வேகம் குறைந்து வந்துகொண்டிருந்தது.

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாள் மூத்தவர் வந்தார். தனியாக, தோளில் காவடியோடு வந்தார். தலை மழித்திருந்தது. வாசலிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தம்பி போயிட்டானுங்க" என்றார்.

முன்னால் நின்று டோலி தூக்கியவர். ஈரமண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தவர். நாங்கள் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ஊரில் இன்னும் சிலரும் போய்விட்டார்கள்.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊர்ல மீனை எறக்குனதுனாலங்கறாங்க" என்றார் மூத்தவர். "எனக்கு அப்படித் தோணலீங்க. காய்ச்சல் முன்னாடியே வந்திருச்சு, மேளம் அடிச்சோமில்லீங்களா. ஆனா தம்பி பொண்டாட்டி அழுவறா. மீனு திரும்பி வந்தாத்தான் புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறா. அவளுக்கு நான் என்னத்தைச் சொல்றதுங்க?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் கணவர் கை காட்டி அடக்கினார். "ஓடையில தண்ணி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"நெறைய ஓடுதுங்க."

என்னிடம் திரும்பி, "பானையை எடுத்து வை, புள்ள" என்றார்.

அவரே வலையைப் பிடித்தார். கை நடுங்கியதால் ஒரு மீனுக்கு நாலு தடவை முயன்றார். ஆனாலும் என்னிடம் கொடுக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், ஈரத்துணி வேடு, எல்லாம் முன்போலவே. மூத்தவர் காவடியைத் தோளில் ஏற்றினார். "வெயிலுக்கு முன்னாடி ஏறிருங்க, நிழல்ல நிறுத்துங்க" என்றார் என் கணவர். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் போனார். மீன் ஓடை சேர்ந்ததா, பிழைத்ததா, அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு சந்தையில் மலைக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மூத்தவர் மறுபடி இறங்கி வரவே இல்லை. நாங்களும் ஏறவில்லை.

தொட்டியில் தண்ணீரைக் கொட்ட அவர் விடவில்லை. பாசியோடு அப்படியே நின்றது. அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு காலையில் தாழ்வாரம் பெருக்கியபோது குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்கக் கூத்தாடிப் புழு. மேலே வருவதும், வளைந்து வளைந்து கீழே போவதுமாக ஆயிரக்கணக்கில் இருந்தன. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதே, கொசு முட்டையிட்டால் மறுபடி காய்ச்சல்தான் என்று வைத்தியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தின்ன மீன் இல்லை. புழு அவர் தலைமாட்டிலேயே வளர்ந்துவிட்டது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணனை எழுப்பினேன். இருவருமாகச் சத்தமில்லாமல் மொண்டு மொண்டு, வெயில் படும் களத்து மண்ணில் கொட்டினோம். புழுக்கள் மண்ணில் நெளிந்து அடங்கும்வரை நின்று பார்த்தேன். மணலையும் அள்ளிப் போட்டோம். திரும்பி வந்தபோது அவர் விழித்து உட்கார்ந்திருந்தார். காலித் தொட்டியைப் பார்த்தார். நாங்கள் காரணம் சொன்னோம்.

"ஒரு பழந்துணி கொடு" என்றார்.

கொடுத்தேன். தொட்டிக்குள் குனிந்து, மூலையில் தேங்கியிருந்த ஈரத்தையெல்லாம் ஒற்றி எடுத்தார். கண்ணாடியை உட்பக்கமாகத் துடைத்தார். நடுவில் மூச்சு வாங்க நின்று, மறுபடி துடைத்தார். அன்று அவருக்குக் காய்ச்சல் வரவேண்டிய நாள். கம்பளியைக் கைக்கெட்டும் தூரத்தில் மடித்து வைத்துக்கொண்டு, நானும் அண்ணனும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும்வரை வரவில்லை. அடுத்த முறைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்; அப்போதும் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். ஆனால் மேகம் கறுத்து மலை மறையும் நாட்களில், யாரும் சொல்லாமலே நான் போய் அந்தக் கம்பளியை எடுத்து வைப்பேன்.